30 நாள்தான் இருக்கு, ஊருக்கு டிக்கெட் போட்டா அது அவிசுவாசமா?

ஈசூன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு போறதோட சரி, எழுதினதே இல்ல, இன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கங்க.

நான் திருச்சிக்காரன், 2016ல இங்க சிங்கப்பூருக்கு வந்தேன், ஈசூன்ல வீடு, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எனக்கு வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ், மனைவிக்கும் பொண்ணுக்கும் என் பாஸை ஒட்டின டிபென்டன்ட் பாஸ். பொண்ணுக்கு 6 வயசு, பாலர் பள்ளி கடைசி வருஷம், கே2 படிக்கிறா. போன மாசம் எங்க டீம்ல பாதி பேரை ஒரே நாள்ல கூப்ட்டு வேலை இல்லன்னு சொல்லிட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். பாஸ் கேன்சல் ஆனதும் மூணு பேருக்கும் 30 நாள் மட்டும் தங்கற விசிட் பாஸ் குடுத்தாங்க, அதுல 9 நாள் போயிடுச்சு. கடைசி சம்பளத்தை, வரி பாக்கி பாக்கற டேக்ஸ் கிளியரன்ஸ் முடியற வரைக்கும் கம்பெனி நிறுத்தி வெச்சிருக்கு, அது சட்டம், அவங்கள குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல, ஆனா வாடகை தேதி அதுக்காக நிக்காதே.

வேலைக்கு எழுதாத எடம் இல்ல. ஒரு எடத்துல மூணாவது ரவுண்டு வரைக்கும் போயி, கடைசில பாஸுக்கு மார்க் போடற கம்பாஸ் கணக்கு போட்டுப் பாத்துட்டு 40 பாயிண்ட் வரலன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு நடுவுல சென்னைல ஒரு கம்பெனி ஆஃபர் குடுத்திருக்கு. சம்பளம் இங்க வாங்கினதுல பாதி கூட இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு வசனம்னு வாக்குத்தத்த அட்டை எடுத்தப்போ எனக்கு வந்தது எரேமியா 29:11, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்ங்கற வசனம். அதை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கோம், தண்ணி எடுக்க போற ஒவ்வொரு தடவையும் கண்ணுல படுது. அதுக்கப்புறம் மார்ச்ல ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துல வெளியூர்ல இருந்து வந்த ஊழியக்காரர் ஒருத்தர் என் தலைல கை வெச்சு, இந்த தேசத்துல உன் கூடாரத்து கயிறுகளை நீளமாக்குவேன்னு ஆண்டவர் சொல்றார், இந்த வருஷமே உனக்கு பிஆர் (நிரந்தரவாசம்) கெடைக்கும்னு சொன்னார். நாங்க ரெண்டு பேரும் அழுதுட்டோம். பிஆருக்கு எழுதிப் போட்டோம், கெடைக்கல. அப்புறம் வேலையும் போச்சு.

சபைல ஒரு அண்ணன், டிக்கெட் மட்டும் போட்டுடாதீங்க, போட்டீங்கன்னா ஆண்டவர் தொறக்கப்போற கதவை நீங்களே மூடினமாதிரின்னு சொல்றார். மனைவி நீங்க என்ன சொன்னாலும் சரிங்கறா, ஆனா ராத்திரி சமையல்கட்டுல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழறது எனக்குக் கேக்குது. காத்திருக்கறது விசுவாசமா இல்ல பொறுப்பில்லாத்தனமா, டிக்கெட் போடறது புத்தியா இல்ல சந்தேகமா, ஆண்டவர் நடத்தறார்னா எப்படி நடத்தறார்னு எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க. ஆறுதல் வார்த்தை நிறைய வந்துடுச்சு, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இப்ப பதில் வேணும்.

—

பெத்தேல் பிரதர் எழுதியது:

பிரதர் தைரியமா இருங்க. பேதுரு தண்ணி மேல நடக்க படகை விட்டு எறங்கினப்போ திரும்பி வர்றதுக்குக் கயிறு கட்டிட்டு எறங்கல. காத்தைப் பாத்தார், பயந்தார், அமிழ்ந்தார், அவ்வளவுதான் நடந்தது. நீங்க இப்ப காத்தைத்தான் பாத்துட்டு இருக்கீங்க. 21 நாள் இருக்கு, ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் போதும். என் சொந்த அனுபவம் சொல்றேன், 2019ல எனக்கும் பாஸ் முடிய 2 நாள் இருக்கறப்போதான் புது பாஸுக்கு அப்ரூவல் வந்துச்சு, பெட்டியைக் கூட கட்டல நான். இருமனமுள்ளவன் கர்த்தரிடத்துல எதையாவது பெறலாம்னு நெனைக்காதிருப்பானாகன்னு யாக்கோபு எழுதியிருக்கார். டிக்கெட் போடாதீங்க. உபவாசம் எடுங்க, நானும் உங்களோட எடுக்கறேன்.

—

ஈசூன்காரன் எழுதியது:

நன்றி பிரதர், உபவாசம் எடுக்கறேன்னு சொன்னீங்களே, மனசு எளகிடுச்சு. ஆனா உங்களுக்கு 2 நாள் முன்னாடி வந்தது, எனக்கு வரலன்னா? 31வது நாள் நான் பொண்டாட்டி புள்ளையோட இந்த ஊர்ல சட்டவிரோதமா நிக்கறதை ஆண்டவர் விரும்புவாரா? கோவத்துல கேக்கல, நெஜமாவே கேக்கறேன்.

—

வேதமாணவன் எழுதியது:

அண்ணே, அந்த அட்டைலயே உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்குன்னு நெனைக்கறேன், ஆனா அட்டைல ஒரே ஒரு வசனம்தான் அச்சடிப்பாங்க, முன்னாடி பின்னாடி வர்றது இருக்காது. எரேமியா 28, 29 ரெண்டு அதிகாரத்தையும் இன்னைக்கு ராத்திரி சேத்துப் படிங்க.

28ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றான். தேவாலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷம், பாபிலோன் ராஜாவோட நுகம் முறிஞ்சிடும், கொண்டுபோன பணிமுட்டு, அதாவது தேவாலயப் பாத்திரம் எல்லாம் திரும்பி வந்துடும், சிறைப்பட்டுப் போனவங்களும் வந்துடுவாங்கன்னு கர்த்தர் பேரால சொல்றான். கேக்க எவ்வளவு நல்லா இருக்கும் பாருங்க. எரேமியா உடனே அவனைத் திட்டல, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னுதான் மொதல்ல சொல்றார். எனக்கு அந்த எடம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா எரேமியாவுக்கும் அது நடக்கணும்னு ஆசை இருந்திருக்கு. ஆனா அது கர்த்தர் சொன்னது இல்ல, அந்த வருஷமே ஏழாம் மாசம் அனனியா செத்துப்போறான். அடுத்த அதிகாரத்துல பாபிலோன்ல சிறைப்பட்டு இருக்கற யூத ஜனங்களுக்கு எரேமியா கடிதம் எழுதறார். ரெண்டு வருஷம் இல்லப்பா, எழுபது வருஷம், அதுவரைக்கும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. இவ்வளவும் சொல்லிட்டுத்தான் 11வது வசனம் வருது. அந்தக் கடிதத்தைக் கையில வாங்கினவங்கள்ல நெறைய பேர் எருசலேமைத் திரும்பப் பாக்காமலே செத்திருப்பாங்க, இருந்தாலும் அந்த வசனம் அவங்களுக்கும் சேத்து எழுதினதுதான்.

அதனால 11வது வசனத்தை வெச்சு உங்களுக்கு இங்க பிஆர் கெடைக்கும்னோ கெடைக்காதுன்னோ சொல்ல முடியாது, அந்த வசனம் பேசறது வேற விஷயம். அவங்க விரும்பாத ஊர்ல, அவங்க போடாத திட்டத்துக்குள்ள நிக்கறப்பவும் கர்த்தர் அவங்களை நெனைச்சுட்டு இருக்கார்னு அது சொல்லுது. அது ஈசூன்ல இருந்தாலும் உண்மை, சென்னைல இருந்தாலும் உண்மை.

அந்த ஊழியக்காரரைப் பத்தி நான் தீர்ப்பு சொல்ல வரல. நல்ல மனசோடவே சொல்லியிருக்கலாம். ஆனா உங்க ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கறதையும் அவர் வாய்ல வந்ததையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

எப்படி நடத்தறார்னு கேட்டீங்க. அப்போஸ்தலர் 16 பாருங்க. பவுல் ஆசியாங்கற மாகாணத்துல பிரசங்கம் பண்ண நெனைக்கறார், தடை. பித்தினியா பக்கம் போகப் பாக்கறார், அதுக்கும் தடை. கடைசில துரோவாவுல கடற்கரைல வந்து நிக்கறாங்க, அங்கதான் ராத்திரி மக்கெதோனியாக்காரன் ஒருத்தன் வந்து கூப்பிடற தரிசனம். மூடின கதவு ரெண்டு, அதுக்கு அப்புறம்தான் தொறந்தது ஒன்னு, அந்த ரெண்டு ஏன் மூடிச்சுன்னு அதை எழுதின லூக்கா சொல்லவே இல்ல. அதோட, தரிசனம் பாத்தது பவுல் ஒருத்தர்தான், ஆனா ஆண்டவர் எங்களை அழைச்சார்னு "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு"ன்னு பன்மைல எழுதியிருக்கு, எல்லாரும் உக்காந்து பேசி முடிவு எடுத்திருக்காங்க. நீங்க தனியா ராத்திரி உக்காந்து இதை முடிவு பண்ணாதீங்கண்ணே, சமையல்கட்டுல அழறவங்க கிட்ட மொதல்ல கேளுங்க. அப்படி சரியான வழில போனவங்களுக்கு மக்கெதோனியால பிலிப்பிங்கற ஊர்ல என்ன கெடச்சுது? அடியும் ஜெயிலும். அதனால கஷ்டம் வந்தா வழி தப்புன்னும் அர்த்தம் இல்ல.

இன்னொன்னு, இது வேதம் இல்ல நடைமுறை. ஊருக்குப் போயிட்டாலும் இங்க இருக்கற கம்பெனி உங்களுக்குப் பாஸ் அப்ளை பண்ணலாம், அப்ரூவல் வந்தப்புறம் வந்தா போதும். விசிட் பாஸை நீட்டிக்க ஐசிஏ, அதான் குடிநுழைவுத் துறை கிட்ட கேட்டும் பாக்கலாம், குடுக்கறதும் குடுக்காததும் அவங்க முடிவு. விமானம் ஏறினா ஒரு கதவும் நிரந்தரமா மூடிடாது.

—

செம்பவாங் டீச்சர் எழுதியது:

தம்பி, நான் இங்கயே பொறந்து வளந்தவ, 70 வயசு ஆகப்போகுது. உங்க பதிவைப் படிச்சதும் எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

எங்க அப்பா செம்பவாங்ல பிரிட்டிஷ்காரங்களோட கடற்படைத் தளம், நேவல் பேஸ்ல ஃபிட்டர். வெள்ளைக்காரன் குடுத்த குவார்ட்டர்ஸ்லதான் நாங்க இருந்தோம், சுத்தி எல்லாம் மலையாளி, தமிழ் குடும்பங்கதான். 1968 ஜனவரில பிரிட்டிஷ்காரங்க ராணுவத்தை எல்லாம் எடுத்துட்டுப் போறோம்னு அறிவிச்சாங்க. எனக்கு அப்போ 12 வயசு. அந்த பேஸ்களை நம்பி எத்தன ஆயிரம் குடும்பம், நாட்டு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு அதுல இருந்துதான் வந்துச்சுன்னு பிற்பாடு பள்ளிக்கூடத்துல பாடமா நானே சொல்லிக்குடுத்தேன், ஆனா அன்னைக்கு எங்களுக்கு அது பாடம் இல்ல, சாப்பாட்டுத் தட்டு. அப்பா வேலை முடிஞ்சு வந்து வாசப்படில உக்காந்தா ரொம்ப நேரம் பூட்ஸைக் கழட்டாம அப்படியே உக்காந்திருப்பார்.

பக்கத்து வீட்டு மாமாவும் எங்க அப்பாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க, ஒரே சபை. ரெண்டு பேரும் இருக்கறதா போறதான்னு மாசக்கணக்கா பேசினாங்க, சேந்து ஜெபம் பண்ணினாங்க. கடைசில மாமா குடும்பத்தோட போறதுன்னு முடிவு பண்ணினார், அப்பா இருக்கறதுன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர், ஒரே ஜெபம், ஆனா ரெண்டு முடிவு. மாமா ரஜூலா கப்பல் ஏற்றதுக்கு முந்தின ராத்திரி எங்க வீட்டுல ஜெபம். அப்பா 121ஆம் சங்கீதம் படிச்சார். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." போக்கு மாமாவுக்கு, வரத்து நமக்கான்னு நான் சின்னப்புள்ளத்தனமா கேட்டேன். அப்பா சிரிக்கல, ரெண்டும் ரெண்டு பேருக்கும்தான்னு சொன்னார்.

டாக்யார்டு அப்புறம் செம்பவாங் ஷிப்யார்டா மாறிச்சு, அப்பாவுக்கு அதுல வேலை கெடச்சுது, சம்பளம் கொறச்சல்தான். மாமா நாகர்கோவில் பக்கம் சின்னதா ஒரு பட்டறை போட்டார், மொதல் ரெண்டு வருஷம் ரொம்பக் கஷ்டம்னு கடிதம் வரும். கஷ்டம்னு எழுதின அதே கடிதத்துல ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு நன்மையும் எழுதியிருப்பார், மழை பெஞ்சது, கடன் ஒன்னு அடஞ்சது, மகள் பாஸ் பண்ணினா, இப்படி. அப்பா அதை சாப்பாட்டு மேசைல உரக்கப் படிப்பார். யார் எடுத்த முடிவு சரின்னு அந்த ரெண்டு வீட்டுலயும் யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

பெத்தேல் தம்பி சொன்னதுல அவருக்கு இருக்கற அன்பு தெரியுது, ஆனா ஒன்னு சொல்லணும். நம்ம கல்யாணப் பத்திரிகைல "கர்த்தருக்குச் சித்தமானால்"னு போட்டுத்தானே தேதி போடறோம். அப்படிப் போட்டுட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டாம, பந்திக்கு சொல்லாமயா இருக்கோம்? மண்டபமும் புக் பண்றோம், அவருக்கு சித்தமானாங்கறதையும் மனசார சொல்றோம், ரெண்டும் ஒன்னுக்கொன்னு சண்ட இல்லையே. அதே யாக்கோபுதான் நாலாம் அதிகாரத்துல இப்படிப் பேசச் சொல்லிக் குடுக்கறார், ஆண்டவருக்குச் சித்தமானா இன்னின்னதைச் செய்வோம்னு. செய்வோம்ங்கறதும் அதுல இருக்குல்ல. டிக்கெட்டை அந்த மாதிரி போடுங்க.

ஒரு விஷயம், பொண்ணுக்கு நீங்களே சொல்லுங்க. புள்ளைங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாதி கேட்டு பாதி பயந்து போறதை 30 வருஷம் வகுப்புல பாத்திருக்கேன்.

—

துவாஸ் தம்பி எழுதியது:

அண்ணே நான் பெருசா படிக்கல, ஒர்க் பெர்மிட்ல இருக்கேன், ஷிப்யார்டுல வெல்டிங். 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக எங்கள மாதிரி தொழிலாளிங்க தங்கற டார்மிட்டரி எல்லாம் பூட்டினாங்கல்ல, அப்போ எங்க ரூம்ல 12 பேர், ரெண்டு பேருக்கு காய்ச்சல் வந்து கூட்டிட்டு போயிட்டாங்க, அடுத்து யாருன்னு தெரியாது, கீழ எறங்க முடியாது, ஊர்ல அம்மா போன்ல அழுவாங்க. என்னை ஊருக்கு அனுப்பிடுங்க ஆண்டவரேன்னு டெய்லி ஜெபம் பண்ணுவேன், ஊருக்கு ஃபிளைட்டே இல்லாத நேரம் அது. மாசக்கணக்கா உள்ள இருந்தோம். அப்போ ரூம்ல ஒரு அண்ணன் யாத்திராகமம் 16 படிக்க சொன்னாரு, வனாந்தரத்துல தெனமும் வானத்துல இருந்து வந்த மன்னாங்கற அப்பத்தைப் பத்தி. ஆளுக்கு ஒரு ஓமர், ஒரு நாளைக்கான அளவுதான், நாளைக்குன்னு எடுத்து வெச்சா புழு புழுத்து நாறிப்போச்சு. நான் ராத்திரி ராத்திரி நாளைக்கு நாளன்னைக்கு அடுத்த மாசம்னு எண்ணிட்டு இருந்தேன், எனக்கு புடிச்ச நாத்தம் அதுதான்னு அப்ப தோணுச்சு. அப்புறம் ஒரு நோட்டுல அன்னைக்கு கெடச்சத மட்டும் எழுத ஆரம்பிச்சேன். இன்னைக்கு சாப்பாடு வந்துச்சு. இன்னைக்கு டெஸ்ட் நெகட்டிவ். இன்னைக்கு சம்பளம் ஏறிச்சு. இன்னைக்கு கீழ் பெட்டு பையன் பாட்டு பாடினான். பயம் போகல அண்ணே, பொய் சொல்ல மாட்டேன், ஆனா தூங்க முடிஞ்சுச்சு. அந்த நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு. உங்களுக்கு 21 நாள்னு எண்ணாதீங்க, இன்னைக்கு ஒன்னுதான். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்னா அது வெள்ளிக்கிழமை வேலை. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, சாமான் கட்ட ஆள் வேணும்னா வர்றேன்.

—

நாசரேத்து அக்கா எழுதியது:

தம்பி, எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் கதை நல்லபடியா முடிஞ்ச சாட்சி இல்ல, அதனால இந்த மாதிரி எடத்துல நான் எழுதறது கம்மி.

என் வீட்டுக்காரருக்கு கேன்சர். சபை முழுக்க 40 நாள் உபவாசம் இருந்தாங்க. எங்களுக்கும் ஒருத்தர் வந்து சொன்னார், 118ஆம் சங்கீதம், நான் சாவாமல் பிழைத்திருப்பேன்ங்கற வசனத்தைச் சொல்லி, இது உனக்குன்னு. அவர் அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார். அதனால நாங்க ரெண்டு பேரும் சாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல, பேசினா அவிசுவாசம்னு பயம். பேங்க் கணக்கு, புள்ளைங்க படிப்பு, எங்க அடக்கம் பண்ணணும், எதுவும் பேசல. அவர் போனதுக்கு அப்புறம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வலிக்கிறது அவர் போனது மட்டும் இல்ல தம்பி, போயிட்டு வர்றேன்னு சொல்லிக்க முடியாம போனதுதான். அதுக்கப்புறம் ஒருத்தர் உங்களுக்கு விசுவாசம் பத்தலன்னு வேற சொல்லிட்டுப் போனார். ஒரு வருஷம் நான் சபைல வாய் தொறந்து பாட்டு பாடல. அதுனாலதான் சொல்றேன், நீங்க உங்க மனைவி கிட்ட பேசுங்க. என்ன நடந்தா என்ன பண்ணலாம்னு எல்லாத்தையும் வாய் விட்டுப் பேசுங்க. அதுக்கு ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்.

அடைக்கலான் குருவி வசனம் இருக்கே, மத்தேயு 10. நான் அதை எத்தனையோ வருஷமா குருவி விழாதுன்னே படிச்சிட்டு இருந்தேன். அப்படி எழுதல. பிதாவோட சித்தமில்லாம விழாதுன்னுதான் எழுதியிருக்கு. அப்போ விழுது. விழற எடத்துலயும் அவர் இருக்கார். அந்த ஒரு வருஷம் அவர் எங்க இருந்தார்னு நான் கேட்டுட்டே இருந்தேன். இப்ப திரும்பிப் பாத்தா, கீழ் மாடி மலாய்க்கார அம்மா, மக்சிக்னு கூப்பிடுவோம், தெனமும் மத்தியானம் கதவைத் தட்டி கஞ்சி குடுத்துட்டு ஒன்னும் பேசாம போவாங்க, சபைல ஒரு சிஸ்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து துணி மடிச்சு வெச்சிட்டுப் போவாங்க. நான் வானத்துல இருந்து ஏதோ வரணும்னு பாத்துட்டு இருந்ததுல கதவைத் தட்டினதை பராமரிப்புன்னு நெனைக்கவே இல்ல.

எங்க ஊர்ப்பக்கம் டோனாவூர் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. சின்ன வயசுல அங்க கூட்டிட்டுப் போவாங்க. அங்க புள்ளைங்க இல்லம் நடத்தின ஆமி கார்மைக்கேல் அம்மா மொதல்ல ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போனவங்க, ஒடம்பு முடியாம ஒரு வருஷம் சொச்சத்துலயே அங்கிருந்து கெளம்ப வேண்டியதாச்சு. 1895ல இந்தியா வந்தாங்க, அப்புறம் சாகற வரைக்கும் இங்கிலாந்து பக்கம் திரும்பிப் போகவே இல்ல. ஜப்பான்ல இருந்து கெளம்பின அன்னைக்கு அவங்க கிட்ட யாராவது இது ஆண்டவர் நடத்துதல்னு சொல்லியிருந்தா அவங்க என்ன நெனைச்சிருப்பாங்களோ. ஆனா டோனாவூர்ல தங்க எடம் இல்லாம வந்த எத்தன நூறு புள்ளைங்களுக்கு அந்த நோய்தான் ஒரு தாயைக் கொண்டுவந்து விட்டுச்சு. அதோட எல்லாம் சுகமா முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. 1931ல கீழ விழுந்து அடிபட்டு, 1951ல சாகற வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரு ரூமுக்குள்ளயே இருந்தாங்க. கல்லறைக்குக் கல் வெக்கல, குருவிங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டி வெச்சிருக்காங்க, அதுல அம்மான்னு மட்டும் எழுதியிருக்கும். எனக்கு இப்பல்லாம் ஜெபம் பண்ண வார்த்தை வராதப்போ அந்தத் தொட்டியை நெனைச்சுக்குவேன்.

நீங்க போனாலும் இருந்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, பேர் சொல்லி ஜெபிக்கறேன்.

—

பெத்தேல் பிரதர் எழுதியது:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் பண்ண முடியல. உங்க கிட்ட விசுவாசம் பத்தலன்னு சொன்னவர் சார்பா நான் மன்னிப்பு கேக்கறேன், ஏன்னா அந்த மாதிரி நானும் வேற ஒருத்தர் கிட்ட சொல்லியிருக்கேன்.

ஈசூன் பிரதர், எனக்கு 2019ல நடந்தது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன், ஆண்டவர் கடைசி நிமிஷத்துல செய்வார்ங்கறதை இப்பவும் நம்பறேன். ஆனா எனக்கு செஞ்சதை வெச்சு உங்களுக்கு சட்டம் போட்டது தப்பு. உபவாசம் எடுக்கறேன்னு சொன்னது மாறல, இன்னைக்கு மூணாவது நாள்.

—

ஈசூன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுதணும், முடியல, வீடு முழுக்க அட்டைப்பெட்டி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பொண்ணு தூங்கினதும் மனைவி கிட்ட உக்காந்து பேசினேன். நீ என்ன நெனைக்கறன்னு நான் இத்தன நாள்ல ஒரு தடவை கூட ஒழுங்கா கேக்கலங்கறது அப்பதான் தெரிஞ்சுது. அவ வேலை போனதுக்காக அழல. அவங்க அம்மா திருச்சில தனியா இருக்காங்க, முட்டி ஆபரேஷன் ஆகி கூட ஆள் இல்ல, ஊருக்குப் போகணும்னு அவளுக்கு ஒரு வருஷமாவே ஆசை. எனக்கு பிஆர் வரும்னு தீர்க்கதரிசனம் சொன்னதுக்கப்புறம் அதை வாய் தொறந்து சொல்றதே ஆண்டவருக்கு எதிரா பேசறமாதிரின்னு பயந்துட்டு இருந்திருக்கா. நாசரேத்து அக்கா, நீங்க எழுதலன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ரெண்டு பேரும் எரேமியா 28, 29 படிச்சோம். புதன்கிழமை எங்க பாஸ்டரைப் போய் பாத்தோம், அவர் முக்கால் மணி நேரம் கேட்டுட்டு, போங்க, நிம்மதியா போங்கன்னு ஜெபம் பண்ணி அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலைல சென்னைக்கு சரின்னு மெயில் போட்டேன். எனக்கு வானத்துல இருந்து ஒரு சத்தமும் கேக்கல, இதுதான் வழின்னு நூத்துக்கு நூறு தெரியும்னும் சொல்ல மாட்டேன். சம்பளத்தை நெனைச்சா இன்னும் வயித்துல ஏதோ பண்ணுது. ஆனா குழாய் சத்தம் நின்னுடுச்சு.

பொண்ணு கிட்ட நாங்களே சொன்னோம் டீச்சர். சண்டே ஸ்கூல் பாட்டுல அவளுக்கு நடுவுல நிக்கற எடம், அது போயிடுமான்னு மட்டும்தான் கேட்டா. அந்தப் பாட்டு இருக்கற ஞாயிறு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஃபிளைட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, பாஸ் முடிய இன்னும் 6 நாள் இருக்கும்.

துவாஸ் தம்பி, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல வர முடியுமா, சாப்பாடு எங்க வீட்டுலதான். பெத்தேல் பிரதர், நீங்களும் உபவாசம் முடிச்சிட்டு வாங்க. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பொண்ணோட படிக்கிற மேசை எல்லாம் நல்லா இருக்கு, புதுசா வந்த குடும்பம் யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம், காசு வேண்டாம், ஈசூன்ல வந்து எடுத்துக்கிட்டா போதும். ஃபிரிட்ஜ் கதவுல இருக்கற அட்டையை மட்டும் நான் எடுத்துக்கறேன்.

—

செம்பவாங் டீச்சர் எழுதியது:

மேசையை என் பேத்திக்கு எடுத்துக்கறேன் தம்பி. சனிக்கிழமை மகனோட வண்டில வர்றேன், சங்கீதப் புத்தகத்தையும் கொண்டு வர்றேன், போறதுக்கு முன்னாடி 121 படிச்சிடலாம்.